ஒசாகா சுற்றிப் பார்க்க: பட்டியலை மடித்து வையுங்கள், சிவப்புக் கோட்டைப் பிடியுங்கள்

ஒசாகாவுக்குப் போகிற பலரும் கையில் ஒரு பட்டியலோடுதான் இறங்குகிறார்கள். கோட்டை, ஓடுகிற மனிதன் விளம்பரப் பலகை, மீன் காட்சியகம், யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கோபுரம், கோயில் என்று பத்துப் பன்னிரண்டு இடம் இருக்கும், அதை மேலிருந்து கீழே வரிசையாக டிக் அடித்துக்கொண்டே ஓடுவார்கள். காலையில் கிழக்கே கோட்டை, மதியம் மேற்கே துறைமுகம், மாலையில் வடக்கே, ராத்திரி தெற்கே. முதல் தடவை நானும் அப்படித்தான் அலைந்தேன், இரண்டாம் நாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டு மெட்ரோ வரைபடத்தை விரித்துப் பாருங்கள்.

வடக்கிலிருந்து தெற்காக ஒரு சிவப்புக் கோடு இறங்கும். அதுதான் மிதோசுஜி லைன், 1933-லிருந்து ஓடுகிறது. புல்லட் ரயில் வந்து நிற்கும் ஷின் ஒசாகாவின் எண் எம் 13. அங்கிருந்து கீழே வர வர உமேதா எம் 16, ஹோம்மாச்சி எம் 18, ஷின்சாய்பாஷி எம் 19, நம்பா எம் 20, தோபுத்சுயென்மாயே எம் 22, தென்னோஜி எம் 23. கடைசிக்கு முந்தைய பெயரை எனக்கு இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்ல வராது, அதனால்தான் எண்ணைச் சொல்கிறேன். பெயர் நாக்கில் நுழையவில்லை என்றால் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடைமேடைப் பலகையிலும் பெட்டிக்குள் இருக்கும் திரையிலும் அது எப்போதும் இருக்கும். ஹோம்மாச்சியில் ஒரு பச்சைக் கோடு குறுக்கே போகிறது, சூவோ லைன். அதில் கிழக்கே போனால் கோட்டை, மேற்கே போனால் துறைமுகம். ஊரில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டு கோட்டிலேயே முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு கோடு, அல்லது கோட்டின் ஒரு முனை, அவ்வளவுதான் கணக்கு.

முதலில் பணமும் கார்டும். ரயில் நிலைய இயந்திரத்தில் இகோகா என்ற ரயில் கட்டணக் கார்டு கிடைக்கும், 2,000 யென், அதில் 500 யென் டெபாசிட். ஒசாகாப் பேச்சு வழக்கில் 'இகோகா' என்றால் 'போலாமா' என்று அர்த்தம், கார்டுக்கு இப்படிப் பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தோக்கியோவில் வாங்கிய சுய்கா கார்டு கையில் இருந்தால் அதுவே இங்கும் செல்லும், புதிதாக வாங்க வேண்டாம். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 190 யென், உமேதாவிலிருந்து நம்பாவுக்கு 240. ஒரு நாளில் மூன்று நான்கு தடவை ஏறி இறங்குவதாக இருந்தால் இயந்திரத்திலேயே எஞ்சாய் எகோ கார்டு என்ற நாள் டிக்கெட்டை எடுங்கள், வார நாட்களில் 820 யென், சனி ஞாயிறு விடுமுறைகளில் 620. மெட்ரோவுக்கும் நகரப் பேருந்துக்கும்தான் செல்லும், ஜே.ஆர். என்கிற ஜப்பான் ரயில்வேயின் ரயிலுக்குச் செல்லாது.

ஒசாகா அமேசிங் பாஸ் என்று இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் மெட்ரோ பயணத்தோடு கோட்டை, ட்சூதென்காக்கு கோபுரம் உட்பட நாற்பது இடம்போல இலவச நுழைவு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் கவனியுங்கள். மீன் காட்சியகமும் யுனிவர்சலும் அதில் சேராது. ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் இல்லை, அன்றைய தேதி, மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். உமேதா ஸ்கை பில்டிங் பகலில்தான் இலவசம், மாலையில் போனால் தனியாகக் காசு. காலை ஒன்பது மணிக்கே கிளம்பி ஐந்து இடத்தை ஓடி ஓடிப் பார்க்கிற ஆள் என்றால் லாபம். நின்று நிதானமாகப் பார்க்கிறவர்கள் எகோ கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

சரி, கோட்டை. பச்சைக் கோட்டில் தனிமாச்சி யோன்சோமே, அதாவது சி 18, அங்கே இறங்கி நடக்க வேண்டும். நடை கொஞ்சம் நீளம்தான், மூத்தவர்கள் கூட வந்தால் அதற்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்க நானூறு வருடக் கோட்டைபோல இருக்கும், உள்ளே போனால் லிஃப்ட் இருக்கும், பலருக்கு முகம் சுருங்கிவிடும். போர்த் தலைவர் தொயோதோமி ஹிதேயோஷி 1583-இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615 போரில் எரிந்துபோனது. பிறகு தோகுகாவா ஆட்சியில் புதிதாக எழுப்பினார்கள், அந்தக் கோபுரமும் 1665-இல் இடி விழுந்து எரிந்தது. இப்போது நிற்பது 1931-இல் ஊர் மக்கள் நன்கொடை கொடுத்துக் கட்டிய கான்கிரீட் கோபுரம். எட்டு மாடி, உள்ளே அருங்காட்சியகம், மேலே போனால் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து பெரியவர்களுக்கு 1,200 யென், முன்பு 600-தான். நடுநிலைப் பள்ளி வரையிலான பிள்ளைகளுக்கு இலவசம். பூமிக்கடியில் புதைந்து கிடந்த ஹிதேயோஷி காலத்துச் சுவரைப் பார்க்கவும் 2025-இல் ஒரு கட்டடம் திறந்திருக்கிறார்கள், அதே டிக்கெட்டில் போகலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் கோட்டையில் பார்க்க வேண்டியது கோபுரமே இல்லை, கல். சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் நேர் எதிரே சுவர்போல ஒரு பாறை நிற்கும். சுவர் இல்லை, ஒரே கல். ஐந்தரை மீட்டர் உயரம், கிட்டத்தட்ட பன்னிரண்டு மீட்டர் அகலம், எடை 108 டன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இடது கீழ் மூலையில் ஆக்டோபஸ் மாதிரி ஒரு கறை தெரிவதால் 'தாகோ இஷி', ஆக்டோபஸ் கல் என்று பெயர். நான் நின்ற அரை மணி நேரத்தில் நூறு பேராவது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோபுரத்தைப் படம் பிடித்தார்கள். கோட்டைப் பூங்காவுக்கும் அகழிக்கும் வெளிச் சுவர்களுக்கும் காசு கிடையாது, பட்ஜெட் இடித்தால் வெளியே மட்டும் சுற்றிவிட்டு வரலாம், பெரிய இழப்பு இல்லை.

பச்சைக் கோட்டின் மறு பக்கம் ஒசாகாகோ, சி 11. கையூகான் மீன் காட்சியகம் இங்கேதான், 1990-இல் திறந்தது. டிக்கெட்டைத் தேதியும் நேரமும் போட்டு முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், விடுமுறை நாளில் நேரில் போய் நின்றால் உள்ளே விட மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். உள்ளே போனதும் எஸ்கலேட்டரில் எட்டாவது மாடிக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து சுற்றிச் சுற்றி இறங்கி வர வேண்டும். நடுவில் ஒன்பது மீட்டர் ஆழத் தொட்டி. அதே திமிங்கலச் சுறாவை மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கடைசியில் தலைக்கு மேலே வயிறு தெரிய ஒரு தடவை பார்ப்பீர்கள். முதல் ஜன்னலிலேயே எல்லோரும் குவிந்து நிற்பார்கள், முண்டியடிக்காதீர்கள், கீழ் மாடியில் இடம் தாராளம்.

வெளியே வந்ததும் பெரிய ராட்டினம் கண்ணை இழுக்கும், 112.5 மீட்டர். அதில் ஏறுவதும் ஏறாததும் உங்கள் விருப்பம். நான் சொல்லப் போவது அதற்குப் பின்னால் இருக்கும் பூங்காவை. அங்கே தெம்போசான் என்று ஒரு மலை இருக்கிறது, உயரம் 4.53 மீட்டர். நான்கு கிலோமீட்டர் என்று படித்துவிடாதீர்கள், மீட்டர்தான். ஆற்றைத் தூர்வாரிக் கொட்டிய மண்ணில் உண்டான மேடு, வரைபடத்தில் மலை என்றே இருக்கிறது, மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதன் பக்கத்திலேயே படகுத் துறை. ஒசாகா மாநகராட்சி எட்டு இடங்களில் ஆற்றைக் கடக்கப் படகு விடுகிறது, எட்டுமே இலவசம். பாலம் இல்லாத இடங்களில் பாலத்துக்குப் பதிலாக ஓடுகிற படகுகள், சைக்கிளோடு ஏறுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள், இருக்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் போனபோது பையில் லீக்ஸ் தண்டு எட்டிப்பார்க்க ஒரு பாட்டி சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், இறங்கும்போது படகுக்காரருக்கு ஒரு தலையசைப்பு, மிதித்துக்கொண்டு போய்விட்டார். சில நிமிடப் பயணம். அக்கரையில் சகுராஜிமா, கொஞ்சம் நடந்தால் ஜே.ஆர். நிலையம், அங்கிருந்து யுனிவர்சலுக்கு ஒரே ஸ்டாப்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2001-இல் திறந்தது, முழு நாள் வேண்டும், அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது வரிசையைக் குறைப்பதற்கு மட்டும், நுழைவு டிக்கெட் அதில் இல்லை, இது தெரியாமல் பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலில் விழிப்பவர்கள் உண்டு. 2021-இல் வந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் பகுதிக்குக் கூட்ட நாளில் நேரம் போட்ட அனுமதி வேண்டும், வாசலைத் தாண்டிய உடனே அவர்களுடைய செயலியில் அதை எடுப்பதுதான் முதல் வேலை, படம் எடுப்பதெல்லாம் அப்புறம்.

இப்போது சிவப்புக் கோட்டின் தெற்கு. இது மாலையில் தொடங்கி ராத்திரி வரை போக வேண்டிய பகுதி. தோத்தோன்போரி என்ற கால்வாயோரக் கேளிக்கைத் தெருவுக்குப் பகலில் போய்விட்டு 'இதில் என்ன இருக்கிறது' என்று திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஷின்சாய்பாஷியில் இறங்கி, கூரை போட்ட கடைத்தெருவில் தெற்கே அறுநூறு மீட்டர் நடந்தால் தானாகவே எபிசு பாலத்தில் போய் நிற்பீர்கள். கீழே 1615-இல் வெட்டி முடித்த கால்வாய், எதிரே கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் கிளிகோ மனிதன், கிளிகோ மிட்டாய்க் கம்பெனியின் விளம்பரப் பலகை. 1935-இல் முதல் பலகை, இப்போது இருப்பது ஆறாவது, 2014-இல் எல்.இ.டி.யாக மாற்றியது. பாலத்தில் எல்லோரும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் நிற்பீர்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. படத்தில் கூட்டம் விழக்கூடாது என்றால் பாலத்திலிருந்து படியிறங்கிக் கால்வாய் ஓரத்து நடைபாதையில் நின்று எடுங்கள்.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளினால் ஹோசென்ஜி சந்து. கல் பாவிய ஒடுக்கமான வழி, அதற்குள் ஒரு சின்னக் கோயில். ஃபுதோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை ஒன்று நிற்கிறது, முகமா உடம்பா என்று தெரியாத அளவுக்குப் பாசி. வருகிறவர்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டு அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றி வளர்ந்த பாசி அது, இன்னும் ஊற்றுகிறார்கள், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சொட்டச் சொட்ட நிற்கும். தோத்தோன்போரியின் இரைச்சலில் இருந்து ஒரு நிமிட நடையில் இப்படி ஒரு இடம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தாகோயாகி என்பது ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் மாவு உருண்டை. வெளியே ஆறியதுபோல இருக்கும், உள்ளே எரிமலை. குச்சியால் குத்தி ஒரு ஓட்டை போட்டு ஆவி போன பிறகு வாயில் வையுங்கள், அவசரப்பட்டால் அடுத்த மூன்று நாளைக்கு எதுவும் ருசிக்காது. சாப்பிட்ட தட்டை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது. குஷிகாட்சு என்றால் குச்சியில் குத்திப் பொரித்தது. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாஸ் பாத்திரம் இருக்கும் கடைகளில் ஒரே ஒரு தடவைதான் முக்க வேண்டும், கடித்த பிறகு மறுபடி முக்கினால் கடைக்காரர் முகம் மாறிவிடும். சாஸ் போதவில்லை என்றால் கூடவே தரும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி மேலே ஊற்றிக்கொள்ளலாம். இப்போது பல கடைகளில் பாட்டில் சாஸ் வந்துவிட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். கறி இல்லை, மீன் இல்லை என்று கடைக்காரர் உண்மையாகவே சொன்னாலும் அதில் தாஷி இருக்கும். தாஷி என்பது பெரும்பாலும் சூரை மீனைக் காயவைத்துச் சீவிய சீவலைப் போட்டு இறக்கிய சாறு. உதோன் என்ற தடித்த நூடுல்ஸின் குழம்பு, மிசோ சூப், முட்டைக்கோஸ் போட்டுத் தோசைபோலச் சுடும் ஒகோனோமியாகியின் மாவு எல்லாவற்றிலும் அதுதான் அடிப்படை. ஒகோனோமியாகியின் மேலே சூட்டில் நெளிந்து ஆடும் பழுப்புச் சீவலும் அதே மீன்தான். 'நிகு மோ சகானா மோ தாஷி மோ தபேமாசென்' என்று சொல்லுங்கள், கறியும் மீனும் தாஷியும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். வெறுமனே வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது.

தோபுத்சுயென்மாயேயில் இறங்கினால் ஷின்செகாய் என்ற பழைய கேளிக்கை வட்டாரம், நடுவில் ட்சூதென்காக்கு கோபுரம். 1912-இல் கட்டிய முதல் கோபுரம் போர்க் காலத்தில் போய்விட்டது, இது 1956-இல் எழுந்தது, 108 மீட்டர். மேலே பில்லிக்கென் என்று காலை நீட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு பொம்மைச் சாமி உட்கார்ந்திருக்கும், உள்ளங்காலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம், தேய்த்துத் தேய்த்தே கால் குழிந்துபோயிருக்கிறது. உயரம்தான் வேண்டும் என்றால் அடுத்த நிறுத்தம் தென்னோஜியில் அபெனோ ஹாருகாஸ் இருக்கிறது, 2014-இல் முழுதாகத் திறந்தது, 300 மீட்டர். தென்னோஜியிலிருந்து நடந்தே ஷிதென்னோஜி கோயிலுக்குப் போகலாம், இளவரசர் ஷோதோகு 593-இல் நிறுவியது, கட்டடங்கள் பல தடவை அழிந்து எழுந்தவை. அல்லது நிலையத்துக்கு எதிரிலிருந்து கிளம்பும் பழைய டிராமில் ஏறி வீட்டு வாசல்களை உரசுவதுபோல ஊர்ந்து சுமியோஷி தாய்ஷா என்ற ஷிந்தோ கோயிலுக்குப் போங்கள். அங்கே குளத்தின் மேல் ஒரு சிவப்பு வளைவுப் பாலம், செங்குத்தாக ஏறி இறங்கும். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவீர்கள்.

வடக்கே உமேதா. இங்கே தொலைந்துபோகாதவர்கள் கிடையாது. ஜே.ஆர். நிலையத்தின் பெயர் ஒசாகா, மெட்ரோவில் உமேதா, இன்னும் கிழக்கு உமேதா, மேற்கு உமேதா, ஹன்க்யூ, ஹன்ஷின் என்ற தனியார் ரயில்களுக்குத் தனித்தனியாக ஒசாகா உமேதா. எல்லாம் ஒரே வட்டாரம், நிலத்தடிக் கடைத்தெருக்கள் எல்லாவற்றையும் பின்னிப் பிணைத்திருக்கும். கைபேசி வரைபடம் கீழே உதவாது. வழி தவறியது என்று தோன்றினால் யோசிக்காமல் கிடைத்த படியில் ஏறித் தெருவுக்கு வந்துவிடுங்கள், மேலே வந்தால் கட்டடம் பார்த்து வழி பிடிக்கலாம். கூட வந்தவர்களைச் சந்திக்க ஹன்க்யூ நிலையத்தின் பிக் மேன் பெரிய திரையைச் சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்களே அங்கேதான் காத்திருப்பார்கள். உமேதா ஸ்கை பில்டிங்குக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நடை. 1993-இல் கட்டியது, 173 மீட்டர், இரண்டு கோபுரத்தை உச்சியில் சேர்த்திருக்கிறார்கள், கடைசிப் பகுதியில் அந்தரத்தில் போகும் எஸ்கலேட்டரில் ஏற வேண்டும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மேலே இருந்தால் பகல், அந்தி, விளக்கு மூன்றும் ஒரே டிக்கெட்டில்.

சில்லறை விஷயங்கள். எஸ்கலேட்டரில் ஒசாகாக்காரர்கள் வலது பக்கம் நிற்பார்கள், தோக்கியோவில் இடது, முன்னால் இருப்பவரைப் பார்த்து நின்றுவிடுங்கள். மிதோசுஜி லைனில் வார நாட்களில் ஒரு பெட்டி நாள் முழுக்கப் பெண்களுக்கு மட்டும், நடைமேடையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும், ஆண்கள் ஓடிப் போய் அதில் ஏறிவிடாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து நகரம் முழுக்கத் தெருவில் புகைபிடிக்கத் தடை, 1,000 யென் அபராதம். டிப்ஸ் வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதைத் தவறவிட்டால் டாக்சிதான். சகுரா என்ற செர்ரிப் பூவைப் பார்க்க மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். மார்ச்சில் நம்பா பக்கம் சுமோ போட்டியும் உண்டு. ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறையில் மட்டும் வேண்டாம், ஜப்பானே தெருவில் இருக்கும்.

திரும்பும்போது விமானநிலையத்துக்கு நம்பாவிலிருந்து நன்காய் ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரம், குழப்பமே இல்லை. வடக்கே தங்கியிருந்து ஜே.ஆரின் கன்சாய் விமானநிலைய ரேப்பிடில் ஏறுகிறீர்கள் என்றால் பெட்டி எண்ணைப் பாருங்கள். எட்டுப் பெட்டியாக வருகிற ரயில் ஹினெனோ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை விமானநிலையம், 5 முதல் 8 வரை வகாயாமா. கதவுக்கு மேலேயும் எழுதியிருக்கும், அறிவிப்பும் வரும், ஆனால் நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பெட்டியில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஜன்னலில் கடலைத் தேடினால் மலை வருகிறது. அடுத்த நிலையத்தில் இறங்கி, ஓடிப்போய் எதிர் நடைமேடையில் நின்றேன். நல்ல வேளை, மூன்று மணி நேரம் முன்னாலேயே கிளம்பியிருந்தேன்.